ஓடுவோரின் தாகம் எவருக்குரியது?

நெடுந்தூர ஓட்டம் பொழுதுபோக்குகளுள் மிக எளிமையானது என்பது பொதுவான கருத்து. அதற்குப் பந்து வேண்டியதில்லை, எதிராளி வேண்டியதில்லை, மைதானங்கூட வேண்டியதில்லை. ஆயின், கொழும்பு முதல் இலண்டன் வரை, பொதுமக்கள் பங்குபற்றும் மரதன் ஓட்டமொன்றின் தொடக்கக் கோட்டை இன்று நோக்குவோர் காண்பது வேறொரு காட்சியாகும். காபன் தகடு பொதிந்த சப்பாத்து பாதத்தைத் தாங்குகின்றது. மணிக்கட்டிலுள்ள கருவி, எவ்வளவு வேகத்தில் ஓடலாம் என்று கட்டளையிடுகின்றது. இடைவாரிற் செருகிய இனிப்புக்கூழ்ப் பொதிகள், எத்தனையாவது நிமிடத்தில் எதனை உண்ணவேண்டும் என்பதை முன்கூட்டியே வரையறுத்துள்ளன.

இதனை நாகரிக மோகமென்று கண்டித்து அமைதல் எளிது. ஆனால் அது போதாது. பொருள்கள் கடையிலிருந்து ஓடுவோரிடம் வந்தபோது, அவரிடமிருந்து ஒன்று கடைக்குச் சென்றுள்ளது. தமது உடலைப்பற்றித் தாமே தீர்ப்புக் கூறும் உரிமையே அது. மூச்சு, பாதம், தாகம் என்னும் மூன்றும் ஓடுவோரின் இயல்பான ஆசான்கள். இம்மூன்றின் வாயையும் அடைத்துவிட்டு, அவற்றின் இடத்தில் விலைப்பொருள்கள் அமர்த்தப்பட்ட வரலாறு சிந்தனைக்குரியது. அவ்வரலாற்றில் உயிரிழப்பும் உண்டு.

முதலில் மூச்சை எடுத்துக்கொள்வோர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டை மறத்தல் இயலாது. சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலைசெய்த இவர், எந்தப் பல்கலைக்கழகத்திலும் உடற்றொழிலியல் கற்றவரல்லர். ஓக்லாந்து நகரின் மலைப்பாதைகளிலே தம்மையே பரிசோதனைப் பொருளாக்கிப் பல்லாண்டுகள் ஓடி, கிழமைக்கு ஏறத்தாழ 160 கிலோமீற்றர் என்னும் அளவை வந்தடைந்தார். 1960 ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற பீற்றர் ஸ்னெல் 800 மீற்றரிலும், மறே ஹல்பேர்க் 5000 மீற்றரிலும் ஒரே நாளில் தங்கப்பதக்கம் வென்றனர். பின்னர் அவர் நடுத்தர வயதினருக்கும் இதயநோயுற்றோருக்கும் மெல்லோட்டத்தைக் கற்பித்தார். அப்போது அவர் வகுத்த அளவுகோல் ஒன்றே: பக்கத்தில் ஓடுபவருடன் உரையாட முடியுமாயின் வேகம் சரியானது, மூச்சுத்திணறி உரையாட முடியாவிடின் வேகம் மிகையானது.

இந்த அளவுகோலுக்கு விலையில்லை. இன்று அதன் இடத்தைப் பிடித்துள்ள மணிக்கட்டுக் கருவிகளுக்கு விலையுண்டு. அவற்றுட் பல, 220 இலிருந்து வயதைக் கழித்து உச்ச இதயத்துடிப்பைக் கணித்து, அதன்மேற் பயிற்சிப் படிநிலைகளைக் கட்டுகின்றன. ஆயின் தனியொருவரின் உண்மையான உச்சத்துடிப்பு அக்கணிப்பிலிருந்து 10 அல்லது 12 துடிப்புகள் விலகுதல் சாதாரணம். எனவே, எண்ணிற்குக் கீழ்ப்படிந்து ஓடும் ஒருவர் தமது உடலுக்குப் பொருந்தாத கட்டளைக்குக் கீழ்ப்படிபவராக இருத்தல் கூடும். தேர்ந்த ஓட்டவீரரின் பயிற்சியைப் பதிவுசெய்து ஆராய்ந்தோர், அதில் ஏறத்தாழ 80 சதவீதம் இலகுவான வேகத்திலேயே நிகழ்கின்றது என்று கண்டனர். லிடியார்டின் உரையாடல் அளவுகோலை அறிவியல் பொய்ப்பிக்கவில்லை. மாறாக, அதற்குச் சான்று பகர்ந்துள்ளது.

அடுத்தது பாதம். லிடியார்டின் மாணவர் பறீ மகீ வெண்கலம் வென்ற அதே 1960 ஆம் ஆண்டு ரோம் மரதனில், எதியோப்பியாவின் அபேபே பிக்கிலா வெறுங்காலுடன் ஓடி 2 மணி 15 நிமிடம் 16 செக்கனில் முதலிடம் பெற்றார். 1964 இல் ரோக்கியோவிற் சப்பாத்தணிந்து ஓடி, 2 மணி 12 நிமிடம் 11 செக்கனில் மீண்டும் வென்றார். வெறுங்காலே மேன்மையானது என்பாரும், சப்பாத்தே வெற்றியைத் தரும் என்பாரும் இவ்விரண்டு ஓட்டங்களையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். இரண்டிலும் மாறாதிருந்தது ஓடிய மனிதனே.

சப்பாத்து வணிகத்தின் தோற்றமும் ஈண்டு நோக்கற்பாலது. அமெரிக்கப் பயிற்றுநர் பில் பவர்மன் 1962 இல் நியூசிலாந்து சென்று, லிடியார்டுடன் ஓடி, சாதாரண மக்கள் ஓடும் வழக்கத்தைத் தமது நாட்டுக்குக் கொண்டுசென்றார். அவரே 1964 இல், பின்னாளில் நைக்கி எனப் பெயர்பெற்ற கம்பனியின் தாபகருள் ஒருவரானார். இலவசமாகப் பெறப்பட்ட வழக்கமொன்று இரண்டே ஆண்டுகளில் விற்பனைக்கான வாயிலைக் கண்டுகொண்டது. தொடர்ந்து வந்த பதின்ம ஆண்டுகளில், பாதத்தின் வளைவை அளந்து அதற்கேற்ற சப்பாத்தைப் பரிந்துரைத்தால் காயம் குறையும் என்னும் கோட்பாடு கடைதோறும் ஓதப்பட்டது. அமெரிக்கப் படைகளில் புதிதாகச் சேர்ந்தோரிடையே இக்கோட்பாடு பரிசோதிக்கப்பட்டு, முடிவுகள் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் வெளியாயின. பாதவளைவை அளந்து சப்பாத்து வழங்கப்பட்டோர்க்கும், எல்லோருக்கும் பொதுவான சப்பாத்து வழங்கப்பட்டோர்க்கும் காய வீதத்திற் கருதத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

2017 இல் சந்தைக்கு வந்த காபன் தகட்டுச் சப்பாத்துப் பற்றிய கூற்று இதனின்றும் வேறானது, அதில் உண்மையுண்டு. ஆய்வுகூடத்தில், வேகமாக ஓடும் 18 வீரரின் சக்திச் செலவை அது சராசரியாக 4 சதவீதம் குறைத்தது. அவ்வாய்வுக்குக் கம்பனியே நிதி வழங்கியது என்பதை ஒதுக்கிவிட்டாலும், வேறொரு வினா எஞ்சுகின்றது. அந்த இலாபம் எவருக்கு? மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவோரிடம், அவ்வகைச் சப்பாத்தின் பயன் சராசரியாக ஏறத்தாழ 1 சதவீதமே என்று 2023 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அதே 2023 இல் அடிடாஸ் கம்பனி 500 அமெரிக்க டொலர் விலையில் ஒரு சோடிச் சப்பாத்தை விற்பனைக்கு விட்டது. அது ஒரு மரதனுக்கும், அதற்குமுன் சிறிது பழகிக்கொள்வதற்கும் மாத்திரமே உத்தேசிக்கப்பட்டது. பொழுதுபோக்காக ஓடும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் தமக்குரியதல்லாத இலாபத்துக்குத் தமது ஊதியத்தைக் கொடுக்குமாறு தூண்டப்படுகின்றனர்.

மூச்சிலும் பாதத்திலும் இழப்பு பணத்தோடு நின்றது. தாகத்திலோ அது உயிர்வரை சென்றது.

1904 ஆம் ஆண்டு சென் லூயிஸ் ஒலிம்பிக் மரதன் கடும் வெப்பத்திலும் புழுதியிலும் நடைபெற்றது. 32 பேர் தொடங்கினர். 14 பேரே முடித்தனர். முதலிடம் பெற்ற தோமஸ் ஹிக்ஸ் நீர் கேட்டபோது அவருடைய உதவியாளர்கள் அதனை மறுத்து, வாயை மட்டும் ஈரப்பஞ்சினால் துடைத்து, முட்டை வெண்கருவிற் கலந்த ஸ்ரிக்னைன் என்னும் நஞ்சையும் பிரண்டியையும் புகட்டினர். ஓடும்போது நீரருந்துதல் பலவீனத்தின் அடையாளம் என்னும் எண்ணம் அதன்பின்னரும் பல பதின்ம ஆண்டுகள் நீடித்தது. தாகம் சொன்னதை அதிகாரம் கேட்க மறுத்த காலம் அது.

1965 இல் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் றொபேட் கேட் என்னும் வைத்தியரின் தலைமையில், அமெரிக்கப் பாணி உதைபந்தாட்ட அணியொன்றுக்காக உப்பும் சீனியும் கலந்த பானமொன்று உருவாக்கப்பட்டது. கேற்றறேட் எனப்பட்ட அப்பானம் விரைவிற் பெருவணிகமாகியது. அதனுடன், தாகம் என்பது காலந்தாழ்த்தி வரும் அறிகுறி, தாகம் தோன்றுமுன்பே அருந்தவேண்டும் என்னும் போதனையும் பரவியது. 1996 இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி தன் வழிகாட்டலை வெளியிட்டது. வியர்வையால் இழந்த நீர் முழுவதையும், அல்லது உடல் தாங்கக்கூடிய உச்ச அளவை அருந்துமாறு அது பரிந்துரைத்தது. மணிக்கு 600 முதல் 1200 மில்லிலீற்றர் வரை என்னும் அளவும் அதில் இடம்பெற்றது. தாகம் இரண்டாம் முறையாக வாயடைக்கப்பட்டது. முன்பு அருந்தாதே என்றவர்கள், இப்போது கேளாமலே அருந்து என்றனர்.

இவ்வறிவுரையின் பேராபத்து முன்னணி வீரரைத் தாக்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் ஓடி முடிப்பவருக்கு அளவுக்குமீறி அருந்த நேரமுமில்லை, வாய்ப்புமில்லை. மெதுவாக ஓடும் பொழுதுபோக்கு ஓட்டக்காரரே அதற்குப் பலியாயினர். ஐந்து மணிநேரம் ஓடும் ஒருவர் உச்ச அளவைப் பின்பற்றினால், 6 லீற்றர் பானம் அவர் வயிற்றைச் சேரும். வியர்வையும் சிறுநீரும் அதனை வெளியேற்ற இயலாதபோது குருதியின் சோடியச் செறிவு வீழ்ச்சியடைகின்றது. கலங்கள் நீரை உள்வாங்கி வீங்குகின்றன. மண்டையோட்டினுள் விரிய இடமற்ற மூளையும் வீங்க, தலையிடி, வாந்தி, தடுமாற்றம், வலிப்பு, ஈற்றில் மரணம் என்பன நேர்கின்றன. தொடக்க அறிகுறிகள் நீரிழப்பின் அறிகுறிகளை ஒத்திருத்தலால், அருகிலிருப்போர் மேலும் நீர் புகட்டும் கொடுமையும் நிகழ்வதுண்டு. விளையாட்டுப் பானம் இதனைத் தடுக்காது. அதிலுள்ள சோடியத்தின் செறிவு குருதியிலுள்ளதன் ஏறத்தாழ ஏழிலொரு பங்கே.

தென்னாபிரிக்க வைத்தியர் ரிம் நோக்ஸ் முதலானோர் இந்நோயை 1985 இலேயே மருத்துவ இதழில் விவரித்திருந்தனர். அந்த எச்சரிக்கைக்குப் பதினேழாண்டுகளின் பின், 2002 ஆம் ஆண்டு பொஸ்ரன் மரதனில் ஓடிய இளம்பெண்ணொருவர் இதே காரணத்தால் உயிரிழந்தார். அவ்வோட்டத்திற் பங்குபற்றிய 488 பேரின் குருதியைப் பரிசோதித்த ஆய்வு 2005 இல் வெளியாயிற்று. அவர்களுள் 13 சதவீதத்தினரிடம் சோடியக் குறைவு காணப்பட்டது. மூவரின் நிலை உயிராபத்தின் எல்லையிலிருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியிருத்தலும், நான்கு மணிநேரத்துக்கு மேல் ஓடியிருத்தலும் அதனோடு தொடர்புற்றிருந்தன. அமெரிக்கக் கல்லூரி தன் வழிகாட்டலை 2007 இற் திருத்தியது. 2015 இற் கூடிய சர்வதேச நிபுணர் மாநாடு, தாகத்துக்கேற்ப அருந்துவதே பாதுகாப்பானது என்று கூறியது. பானக் கம்பனிகளுக்கும் விளையாட்டு மருத்துவ அமைப்புகளுக்குமிடையில் இருந்த நிதித் தொடர்புகளைப் பிரித்தானிய மருத்துவ இதழொன்று 2012 இல் அம்பலப்படுத்தியது. எந்த மிருகமும் ஆசானின்றி அறிந்துள்ள ஓர் உண்மைக்கு மீள்வதற்கு ஓட்டவுலகம் கொடுத்த விலை இது.

உணவைப்பற்றியும் ஒன்று கூறல் தகும். ஓட்டத்தின்போது உண்பது பயனற்றதென்று எவரும் வாதிடார். உடல் சேமிக்கும் கிளைக்கோசன் ஏறத்தாழ 2000 கலோரிகளையே தரவல்லது. 60 கிலோ எடையுள்ளவர் மரதன் ஓடி முடிக்க ஏறத்தாழ 2500 கலோரி வேண்டும். முப்பதாவது கிலோமீற்றரை அண்டிக் கால்கள் திடீரெனச் சோர்வதற்கு இது ஒரு காரணம். ஆனால் இவ்வறிவு சந்தை ஈந்த கொடையன்று. 1924 இல் பொஸ்ரன் மரதனில் ஓடியோரின் குருதியில் வெல்லம் குறைந்திருத்தலைக் கண்ட வைத்தியர், மறுவருடம் அவர்களுக்குச் சாதாரண இனிப்புகளைக் கொடுத்துச் சோர்வு குறைந்ததை நிறுவினர். இன்று வெள்ளிநிறப் பொதியில் விற்கப்படும் கூழில் இருப்பது ஏறத்தாழ 25 கிராம் காபோவைதரேற்று. இரண்டு மேசைக்கரண்டிச் சீனியிலும் அதுவே உள்ளது. பழுத்த வாழைப்பழமொன்றிலும் அதுவே உள்ளது.

பிறருடைய உடலின் இயல்பை அதிகாரம் தீர்மானித்தமைக்குப் பெண்களின் ஓட்ட வரலாற்றினும் வலிய சான்று வேண்டியதில்லை. 1928 ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடியபின், அது அவர்தம் உடலுக்கு ஒவ்வாதெனக் கூறி 1960 வரை நீக்கப்பட்டது. பொஸ்ரன் மரதன் 1972 இலேயே பெண்களை முறைப்படி ஏற்றது. ஒலிம்பிக் மரதனோ 1984 வரை அவர்களுக்கு மூடியிருந்தது. ஓடமுடியும் என்று பெண்களின் உடல் கூறியதை நிபுணர் நம்பவில்லை. பெண்கள் ஓடிக்காட்டிய பின்னரே அந்நிபுணத்துவம் வாயடைத்தது.

உணர்வை மட்டும் நம்புதல் அறிவியலுக்கு முரணானது என்று சிலர் மறுப்புரைக்கலாம். வெப்பத்தாக்கும் மிகைப்பயிற்சியும் உணர்வை ஏமாற்றுவதுண்டு என்பது மெய்யே. ஆயின் இங்கு எதிர்க்கப்படுவது அறிவியலன்று. பானக் கோட்பாட்டின் பொய்யை வெளிக்கொணர்ந்ததும் குருதியை அளந்த அறிவியலே. மனிதருக்குத் தம் உடலை விளங்கவைப்பது ஓர் அறிவியல்; அவர்தம் தீர்ப்பைப் பறித்து விலைப்பொருளுக்கு அடிமையாக்குவது அறிவியலின் கூலிப்படை. இதற்கு மாற்றாகப் பழமைக்குத் திரும்புவோம் என்பாரும் தப்பவில்லை. வெறுங்காலின் சிறப்பைப் பேசிய அலையொன்று எழுந்தபோது, வெறுங்காலை ஒத்த சப்பாத்தே விற்பனைக்கு வந்தது. அதன் உடல்நலக் கூற்றுகள் குறித்த வழக்கை முடிக்க, வைப்ரம் கம்பனி 2014 இல் 37.5 இலட்சம் அமெரிக்க டொலர் வழங்க உடன்பட்டது. வெறுங்காலையும் விற்கவல்லது சந்தை.

சந்தையால் விற்கமுடியாதது ஒன்றுண்டு, அது ஓய்வுநேரம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், கைவினைஞரும் தொழிலாளரும் போட்டிகளிற் பங்குபற்றுவதைக் கனவான்களின் அமெச்சூர் விதிகள் வெளிப்படையாகவே தடுத்தன. 1880 இல் அமெச்சூர் தடகளச் சங்கம் அத்தடையைக் கைவிட்டது. விதி அகன்றது, வேலைநேரம் அகலவில்லை. பன்னிரண்டு மணிநேரம் நின்று உழைப்பவருக்கும், இருட்டியபின் வீதியில் இறங்க அஞ்சும் பெண்ணுக்கும் குறைவாயுள்ளது காபன் தகடன்று. நேரமும், பாதுகாப்பான பாதையும், குடிநீரும் அவர்களுக்குக் குறைவாயுள்ளன. ஓட்டத்தை மக்களுடையதாக்க விரும்பும் பல்கலைக்கழகச் சமூகம், விளம்பரதாரரின் பெயர் பொறித்த மேலங்கிகளைப் பகிர்வதோடு அமையாது, இவற்றைக் கோரும் பணியை ஏற்றல் வேண்டும். அதற்கு முன்படியாக, மூச்சு முட்டும்போது வேகம் குறைக்கவும், தாகம் எடுக்கும்போது நீரருந்தவும், தாகம் தீர்ந்ததும் கோப்பையைக் கீழே வைக்கவும் எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை என்பதை ஓடுவோர் உணரக்கடவர்.