வாடகை வீட்டின் சுவர் வருமானச் சான்றிதழ் ஆகுமா?

அரச உதவி பெறும் ஒரு குடும்பத்தின் வருமானத்தை அளப்பது உத்தியோகத்தர்களின் வேலை, வர்த்தகர்களுக்கு அதில் என்ன சம்பந்தம் என்று பலரும் நினைக்கிறோம். ஆனால் அந்தக் குடும்பம் குடியிருக்கும் வீடு ஒரு வர்த்தகருக்குச் சொந்தமாக இருக்கலாம். அந்தக் குடும்பத் தலைவர் சம்பளம் வாங்குவது உங்கள் கடையிலாக இருக்கலாம். அப்படியானால் அவரது வரவுக்கும் செலவுக்கும் எழுத்தில் சாட்சி சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

யாழ் குடாநாட்டின் அளவெட்டியை எடுத்துக்கொள்வோம். தெல்லிப்பழைப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த இந்தக் கிராமம் செம்மண் தோட்டங்களுக்குப் பெயர்பெற்றது. தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் பெயரோடு சேர்த்தே அறியப்படுவது. 1990இல் வலிகாமம் வடக்கின் கரையோர ஊர்களை விட்டு வெளியேறியவர்கள் பக்கத்து ஊர்களில் உறவினர் வீடுகளிலும், முகாம்களிலும், வாடகை வீடுகளிலும் தங்கினார்கள். அதே வருடம் ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எமது மக்கள் புத்தளத்தில் அதே நிலைக்கு ஆளானார்கள். நிவாரண அட்டை, பதிவு, சரிபார்ப்பு என்று வரிசையில் நின்ற அனுபவம் இரு சாராருக்கும் பொதுவானது. 2009க்குப் பின்னர் யாழ்ப்பாணம் திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள் பலவும் வாடகை வீட்டிலிருந்தே மீண்டும் வாழ்க்கையைத் தொடங்கின. ஆகவே அளவெட்டிக் குடியிருப்பாளரின் பிரச்சினை எமக்கு அந்நியமானதல்ல.

எமது நாட்டில் வாடகைக்கென்று நிரந்தரமான தனி உதவித் திட்டம் கிடையாது. 2025 நவம்பரில் வந்த டித்வா சூறாவளியில் வீடிழந்தவர்களுக்கு அறிவிக்கப்பட்ட வாடகைக் கொடுப்பனவு தற்காலிகமானது. வறிய குடும்பத்துக்கு நிரந்தரமாகக் கையில் கிடைப்பது அஸ்வெசும. வாடகை வீட்டில் இருப்பவருக்கு அந்தப் பணத்தில் முதலில் கழிவது வீட்டு வாடகைதான்.

2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 ஜூலையில் அஸ்வெசும ஆரம்பமானது. சமுர்த்திக் காலத்தில் அரசியல்வாதியின் சிபாரிசு பார்க்கப்பட்டது என்ற குறை பரவலாக இருந்தது. அதற்கு மாற்றாக, கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளியிடும் முறை வந்தது. நோக்கம் நல்லது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் முதற் பட்டியல் வெளிவந்ததும் லட்சக்கணக்கான மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் குவிந்தன.

வாடகைக் குடியிருப்பாளர் சிக்கிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. முதலாவது, வீடு. சீமெந்துத் தரையும் ஓட்டுக் கூரையும் வீட்டுச் சொந்தக்காரரின் முதலீடே தவிர, குடியிருப்பவரின் வசதி அல்ல. மின்பாவனையும் அப்படித்தான். ஒரே வளவில் இரண்டு குடும்பங்கள் ஒரே மின்மானியில் இருந்தால், பட்டியலில் வரும் அலகுகள் எவருடையவை? வாடகைப் பற்றுச்சீட்டும், மின்கட்டணத்தை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று எழுதிய துண்டும் இல்லாவிட்டால், அந்தக் குடும்பம் தன் நிலையை எப்படி நிரூபிக்கும்?

இரண்டாவது, சீரற்ற வருமானம். தவில் வாசிப்பவருக்குக் கோவில் திருவிழாக் காலத்திலும் கலியாண மாதங்களிலும் கைநிறைய வேலை. மார்கழியில் வெறுங்கை. வெங்காயத் தோட்டக் கூலியாளுக்கு நடுகையிலும் அறுவடையிலும் சம்பளம், இடையில் இல்லை. எமது நடைபாதைப் புடைவை வியாபாரிக்கு நோன்புப் பெருநாளும் தீபாவளியும்தான் வருடம். கணக்கெடுப்பவர் ஆவணியில் வந்தால் ஒரு வருமானம், மார்கழியில் வந்தால் இன்னொன்று. இரண்டும் உண்மை. ஆனால் ஒன்றுமே அந்தக் குடும்பத்தின் முழு நிலை அல்ல.

அளவெட்டியாரின் உறவினர்கள் வாழும் ரொறன்ரோவில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பது பயன்தரும். ஒன்ராறியோ மாகாணத்தில் வருமானத்துக்கேற்ற வாடகை முறை உண்டு. பொதுவாக, குடும்பத்தின் தேறிய வருமானத்தில் 30 சதவீதம் வாடகை. 2021 ஜூலை முதல், முந்தைய வருட வருமான வரி மதிப்பீட்டுக் கடிதமே அதற்கு அடிப்படை ஆவணம். இதில் ஒரு மாதத்தைப் பிடித்து அளக்காமல் வருட முழுவதையும் பார்க்கிறார்கள். சுயதொழிலாளியின் விற்பனைத் தொகையைப் பார்க்காமல் செலவு போக மிஞ்சுவதைப் பார்க்கிறார்கள். பிரித்தானியாவின் யுனிவர்சல் கிரெடிட் முறையிலோ சுயதொழில் செய்பவர் மாதந்தோறும் வரவு செலவை அறிவிக்க வேண்டும். ஆரம்பக் காலம் கழிந்த பின்னர், கடையில் வியாபாரம் குறைந்தாலும், குறைந்தபட்சமாக இவ்வளவு உழைத்திருப்பார் என்று ஒரு தொகையைக் கருதிக் கணக்கிடுகிறார்கள். மந்தமான மாதங்களில் சிறுவியாபாரி அங்கே அடிபடுகிறார். வருட முறையே எமக்குப் பொருந்தும் என்பது எனது கருத்து.

இன்னொரு விடயம். 2025 ஜனவரி முதல் மிக வறிய பிரிவுக்கு 17,500 ரூபாவும் வறிய பிரிவுக்கு 10,000 ரூபாவும் வழங்கப்படுகின்றன. ஒருவரது உழைப்பு மாதம் 3,000 ரூபா கூடி, அதனால் மறு கணக்கெடுப்பில் ஒரு பிரிவு மேலே போனால், இழப்பது 7,500 ரூபா. உழைத்ததால் 4,500 ரூபா நட்டம். வியாபாரம் தெரிந்த எவரும் இந்தக் கணக்கில் உண்மை சொல்லத் தயங்குவார். ஒன்ராறியோவில் 100 டொலர் கூட உழைத்தால் வாடகை ஏறத்தாழ 30 டொலர் கூடும், மிச்சம் உழைத்தவருக்கு. உண்மை சொல்பவன் நட்டப்படாத முறை இருந்தால்தான் உண்மையைக் கேட்க முடியும்.

அரசு செய்ய வேண்டியது இது. எமது பங்கு என்ன? வாடகைப் பற்றுச்சீட்டு கேட்டால் "வரிக்காரன் வருவான்" என்று மறுக்கும் சொந்தக்காரர்கள் உண்டு. மாதம் 15,000 ரூபா வாடகை என்றால் வருடத்துக்கு 1,80,000 ரூபா. 2025 ஏப்ரல் முதல் தனிநபர் வரி விலக்கு வருடத்துக்கு 18,00,000 ரூபா. வேறு பெரிய வருமானம் இல்லாதவர் எதற்கு அஞ்ச வேண்டும்? வேறு வருமானம் இருந்து வரி கட்ட வேண்டியவராயின், அதைக் கட்டத்தான் வேண்டும். அந்தச் சுமையை ஏழைக் குடியிருப்பாளர் ஏன் சுமக்க வேண்டும்?

கடைச் சம்பளத்திலும் இதே கதைதான். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும், நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 சதவீதமும் செலுத்த வேண்டும் என்பது சட்டம். "பெயரைப் பதியாதீர்கள் முதலாளி, அஸ்வெசும வெட்டுப்படும்" என்று ஊழியரே கேட்பதும், அது எமக்கும் இலாபம் என்று நாம் இணங்குவதும் நடக்கிறது. இதில் ஊழியர் முதுமைக்கான சேமிப்பை இழக்கிறார். பட்டியலில் அவர் பிடிக்கும் இடம் அவரைவிட வறிய ஒருவருடையது. பொய்க் கணக்குக்கு நாம் கூட்டாளியாகிறோம்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது எமது சமூகத்துக்குப் புதிய பாடமல்ல. இந்த மாதத்திலிருந்து மூன்று காரியங்களைச் செய்யலாம். வாடகை வாங்கினால் திகதியும் தொகையும் இட்டுப் பற்றுச்சீட்டு கொடுங்கள். மின்மானி பொதுவானதாயின் பங்கை எழுதிக் கொடுங்கள். சம்பளத்தை உள்ளது உள்ளபடி எழுதிக் கையொப்பமிடுங்கள். ஒரு கொப்பியும் ஒரு பேனையும் போதும். அடுத்த கணக்கெடுப்பில் கிராம உத்தியோகத்தர் வீட்டுச் சுவரைப் பார்த்து முடிவெடுக்காமல் அந்தத் துண்டைப் பார்த்து முடிவெடுக்கட்டும்.