கடனாளிக்கு அறிவுரை வேண்டாம், கணக்கு போட ஆள் வேண்டும்

கடனில் மாட்டியவருக்கு நம்ம ஊரில் இலவசமாகக் கிடைப்பது அறிவுரை. "வரவுக்குள்ள செலவு பண்ணணும்", "ஒரே நேரத்துல நாலு இடத்துல ஏன் வாங்கினே?" இப்படி ஆளாளுக்குச் சொல்வார்கள். இதைக் கேட்டு யாருடைய கடனாவது அடைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நான் சொல்ல வந்தது வேறு விஷயம். கிரெடிட் கவுன்சலிங், அதாவது கடன் ஆலோசனை. பெயரைக் கேட்டால் இதுவும் அறிவுரை மாதிரிதான் தெரியும். ஆனால் இதில் பெரும்பகுதி கணக்கு வேலை. மொத்தக் கடனையும் ஒரே தாளில் எழுதி, எதற்கு வட்டி அதிகம், எதை முதலில் அடைப்பது, எந்தத் தவணையைக் குறைத்துக் கேட்பது என்று முடிவு செய்வார்கள். பிறகு கடன் கொடுத்தவரிடம் உங்களுக்காகப் பேசுவார்கள். அமெரிக்காவில் இதற்கென ஒரு தேசிய அமைப்பு 1951லேயே வந்துவிட்டது. அங்கே 2005ல் வந்த சட்டப்படி, தனிநபர் ஒருவர் திவால் மனு போடும் முன் கடன் ஆலோசனை பெற்றிருக்க வேண்டும்.

சரி, தருமபுரிக்கு வருவோம். ஒரு உதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம் (எண்கள் நானே வைத்தவை). மாத வருமானம் 18,000 ரூபாய். இரண்டு மைக்ரோ பைனான்ஸ் குழு லோனுக்கு மாதம் 4,600. பைக் தவணை 2,900. ஊரில் மூணு வட்டிக்கு வாங்கிய 50,000 ரூபாய்க்கு வட்டி மட்டும் 1,500. தண்டல்காரருக்கு தினம் 100 வீதம் 3,000. மொத்தம் 12,000. சாப்பாடு, பள்ளி, மருந்து எல்லாவற்றுக்கும் மிச்சம் 6,000தான்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 2022ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த மைக்ரோ பைனான்ஸ் விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நம் குடும்பத்துக்கு அந்த வரம்பு 9,000. கிரெடிட் பீரோவில் தெரிவது குழு லோனும் பைக் லோனும் மட்டும்தான், அதாவது 7,500. அந்தக் கணக்குப்படி இவர்களுக்கு இன்னொரு லோன் கொடுக்கலாம்! மூணு வட்டியும் தண்டலும் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏறுவதில்லை. அந்த வீட்டுப் பெண்ணோடு உட்கார்ந்து, அவர் பயப்படாமல் பேசும்படி கேட்டால்தான் அது வெளியே வரும். கடன் ஆலோசகர் தேவைப்படுவது இதற்காகத்தான்.

தண்டலையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 என்று பேசி 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருகிறார்கள் என்று வையுங்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "1,500தானே, 15 சதவீதம்" என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறது. அதைச் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தைத் தாண்டுகிறது. மூணு வட்டி என்பது ஆண்டுக்கு 36 சதவீதம். அந்த 50,000 ரூபாயை மட்டும் 12 சதவீதக் கடனுக்கு மாற்றினால் மாத வட்டி 1,500லிருந்து 500 ஆகிவிடும். மாதம் 1,000 ரூபாய் மிச்சம். ஆனால் புதுக் கடன் வந்த அன்றே பழைய கடன் அடைய வேண்டும். இல்லாவிட்டால் தலையில் ஒரு கடன் கூடியதுதான் மிச்சம். அதைக் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

இதெல்லாம் நம் நாட்டில் யாருக்கும் தோன்றாமல் இல்லை. 2009 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ஒரு மாதிரித் திட்டம் வெளியிட்டது. "நிதிக் கல்வி மற்றும் கடன் ஆலோசனை மையம்" என்று பெயர். ஆலோசனை இலவசம். வங்கிக் கிளைக்குள் இருக்காமல் மையம் தனித்து இயங்க வேண்டும். வங்கியின் லோனை விற்கும் இடமாகவோ வசூல் செய்யும் இடமாகவோ அது மாறக் கூடாது. நல்ல விதிகள்தான். ஆனால் 2012 ஜூனில் வந்த புது வழிகாட்டுதலில் பெயர் "நிதிக் கல்வி மையம்" என்று சுருங்கிவிட்டது. கடன் ஆலோசனை என்ற சொல்லே பெயரிலிருந்து போய்விட்டது. கவனம் வங்கிக் கணக்கு தொடங்குவது, சேமிப்புப் பழக்கம், முகாம் என்று திரும்பியது.

அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது. கோடிக்கணக்கானவர்களுக்கு அப்போது வங்கிக் கணக்கே கிடையாது. 2014ல் ஜன் தன் திட்டம் வந்த பிறகு அந்தக் குறை பெருமளவு தீர்ந்தது. இன்றைக்குப் பிரச்சினையே வேறு. அப்போது கடன் கிடைக்காமல் திண்டாடினார்கள். இப்போது குழு லோன், செல்போனில் ஆப் லோன், கடையிலேயே தவணை என்று கடன் வீடு தேடி வருகிறது. வாங்கியதை எப்படி அடைப்பது என்று சொல்லத்தான் ஆளில்லை. எனவே 2012ல் கைவிட்ட அந்தச் சொல்லை, அதற்குள் இருந்த வேலையோடு சேர்த்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து.

அதற்குத் தருமபுரியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1989ல் ஐ.நா.வின் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு அரசு மகளிர் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது நம் மாவட்டத்தில்தான் (அப்போது கிருஷ்ணகிரியும் நம்மோடு இருந்தது). அது பிறகு மற்ற மாவட்டங்களுக்குப் போய், 1997-98ல் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்க விரிந்தது. சந்தா, கடன், வட்டி எல்லாம் எழுதி வைத்து வாசித்துக் காட்டும் பழக்கம் நம் ஊர்ப் பெண்களுக்கு முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறது. ஆனால் குழு நோட்டில் இருப்பது குழுவின் கடன் மட்டும்தான். வீட்டின் மொத்தக் கடனுக்கு நோட்டு கிடையாது.

நம் மாவட்டத்துக்கு இது அவசரத் தேவை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே மானாவாரி விவசாயம் அதிகம். மழை பொய்த்தால் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். வருமானம் சீசனுக்கு வருகிறது, தவணையோ வாரம் தவறாமல் வருகிறது. இந்தப் பொருத்தமின்மைக்கு "சிக்கனமாக இரு" என்பது பதிலே இல்லை. தவணைத் தேதியை மாற்றிக் கேட்பதுதான் பதில்.

"கடன் தள்ளுபடி செய்தால் போதுமே, ஆலோசனை எதற்கு?" என்று கேட்கலாம். 2021ல் தமிழக அரசு கூட்டுறவு வங்கிகளில் 5 சவரன் வரையிலான நகைக்கடனைத் தள்ளுபடி செய்தது. பலருக்கு உதவியது உண்மை. ஆனால் தண்டலும் மூணு வட்டியும் அந்தத் தள்ளுபடியில் அடங்கவில்லை.

"வருமானமே இல்லாதவனுக்குக் கணக்கு போட்டு என்ன பயன்?" இது இன்னும் நியாயமான கேள்வி. ஆலோசனை வருமானத்தைக் கூட்டாது. எந்தக் கணக்கிலும் அடங்காத கடனும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு 2016 திவால் சட்டத்தில் "புதிய தொடக்கம்" என்ற ஏற்பாடு எழுதப்பட்டது. ஆனால் சாதாரணத் தனிநபர்களுக்கான அந்தப் பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆலோசனை மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணக்கில் அடங்கும் கடன் எது, அடங்காத கடன் எது என்று பிரிக்கவும் ஒருவர் உட்கார்ந்து கணக்கு போட்டாக வேண்டுமே.

என்ன செய்யலாம்? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளில் கடன் ஆலோசனைக்கு ஒரு மேசை போடலாம். மாதம் ஒருநாள் ஒவ்வொரு வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும் போடலாம். மாவட்டத்தின் முன்னோடி வங்கியான இந்தியன் வங்கி ஆலோசகரைத் தரட்டும், மகளிர் திட்டம் ஆட்களை அழைத்து வரட்டும். மிரட்டல் இருந்தால் அங்கேயே மனு எழுதித் தரலாம். கந்து வட்டிக்கு எதிராக 2003 சட்டம் இருக்கிறது. கட்டாய வசூலுக்கு எதிராக 2025ல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. மைக்ரோ பைனான்ஸ் வசூல்காரர் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது என்பதே பலருக்குத் தெரியாது.

கடைசியாக, என்னோடு படிக்கிறவர்களுக்கு. வட்டிக் கணக்கைப் பரீட்சைக்கு மட்டும்தான் போடுகிறோம். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு தாளை எடுங்கள். யாரிடம் வாங்கியது, எவ்வளவு பாக்கி, ஆண்டு வட்டி எத்தனை சதவீதம், மாதம் எவ்வளவு கட்டுகிறோம் என்று நாலு கட்டம் போதும். ஒவ்வொரு கிரெடிட் பீரோவிலும் வருடத்துக்கு ஒருமுறை அறிக்கை இலவசமாகக் கிடைக்கும், அதையும் எடுத்துப் பாருங்கள். "கடனை முடித்துத் தருகிறோம், முதலில் பணம் கட்டுங்கள்" என்று யாராவது போன் செய்தால் கட் பண்ணிவிடுங்கள்.

அம்மா அப்பாவிடம் "ஏன் இவ்வளவு கடன்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதில் பாதி நம் காலேஜ் பீஸாகத்தான் இருக்கும் :-)