தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு பாத்தி நிலம்

2022 ஜூன் மாதம் அரசாங்கம் ஒரு முடிவெடுத்தது நினைவிருக்கும். உணவுத் தட்டுப்பாடு வரப்போகிறது, ஆகவே அரச ஊழியர்கள் வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் நின்று மரக்கறி நடட்டும் என்று விடுமுறை கொடுத்தார்கள். அந்தச் செய்தியை ரேடியோவில் கேட்டுவிட்டு எங்கள் லயத்து அக்கா ஒருவர் பீலிக்கரையில் என்னிடம் கேட்டார்: "டீச்சர், அந்த வெள்ளிக்கெழம லீவு நமக்கும் உண்டா? லீவு குடுத்தாலும் எங்க போயி நடுறது?"

அந்த இரண்டு கேள்விக்கும் இன்றுவரை பதில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வருடம் நாம் பட்டது எல்லோருக்கும் தெரியும். செப்டெம்பர் மாதம் கொழும்பில் உணவுப் பொருட்களின் விலையேற்றம் நூற்றுக்கு 90ஐயும் தாண்டியது. நம்முடைய சாப்பாடு கோதுமை மாவை நம்பியது. காலையில் ரொட்டி, மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் ரொட்டி. மாவின் விலை ஏறியதும் ரொட்டி சிறுத்தது. தேங்காய் சம்பல் போய் வெறும் மிளகாய் வந்தது. என் வகுப்பில் காலைக் கூட்டத்தில் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்ட பிள்ளைகளை நான் பார்த்தேன். "சாப்பிட்டியா?" என்று கேட்டால் "பிளேன்டீ குடிச்சேன் டீச்சர்" என்பார்கள்.

ஆனால் இந்தப் பிரச்சினை 2022ல் தொடங்கியதல்ல. 2016ல் எடுத்த தேசிய குடிசனவியல் சுகாதார மதிப்பீட்டின்படி, நாடு முழுவதிலும் 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தார்கள். தோட்டப்புறத்தில் அது நூற்றுக்கு 32 அளவில் இருந்தது. ஏறத்தாழ இரண்டு மடங்கு. பொருளாதார நெருக்கடிக்கு ஆறு வருடம் முந்திய கணக்கு இது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், நாம் மரக்கறி விளையாத பாலைவனத்தில் இருக்கிறவர்கள் அல்ல. நுவரெலியாவிலும் வெலிமடையிலும் விளைகிற கோவா, கரட், லீக்ஸ், போஞ்சி லொறி லொறியாகக் கொழும்புக்குப் போகிறது. அந்த மரக்கறித் தோட்டங்களில் நாட்கூலிக்கு மண் கொத்துகிறவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர்! வேலை முடிந்து வீட்டுக்கு வந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிடுகிறார்கள். விளைவிக்கத் தெரியாதவர்கள் என்று நம்மை யாரும் சொல்ல முடியாது. இல்லாதது நிலம்தான்.

நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது எங்கள் லயத்துக் கோடியில் அம்மா நான்கு பாத்தி போட்டிருந்தார். போஞ்சி, முள்ளங்கி, கொஞ்சம் உருளைக்கிழங்கு. மலையிலிருந்து வந்து இருட்டும்வரை அதில்தான் நிற்பார். அப்பாவின் பழைய கவ்வாத்துக் கத்திதான் குச்சி வெட்ட. ஒரு நாள் கணக்கப்பிள்ளை இரண்டு ஆட்களோடு வந்தார். அந்த இடத்தில் கன்று நடப்போகிறார்களாம். பிடுங்கச் சொன்னார். பிடுங்கிய இரண்டு பேரில் ஒருவர் பக்கத்துக் காம்பராவில் இருந்த மாமா. அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பிஞ்சு விட்ட போஞ்சிக் கொடியை அம்மா அள்ளிக்கொண்டு வந்து மாட்டுக்குப் போட்டார். அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் மம்பட்டியை எடுக்கவே இல்லை. அந்த இடத்தில் தேயிலைக் கன்றும் வரவில்லை. இன்றும் மானாப்புல்தான் நிற்கிறது.

இப்படி ஒரு கதை ஏறக்குறைய எல்லா லயத்திலும் உண்டு. "தோட்டத்து ஆளுக்கு வீட்டுத் தோட்டம் போட அக்கறை இல்லை" என்று சொல்லும் அதிகாரிகள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் லயங்களைச் சுற்றிப் பழமரம் ஏன் குறைவு என்று யோசித்திருக்கிறீர்களா? போஞ்சி நடுகிறவருக்கு மூன்று மாதம் அந்த இடம் கையில் இருந்தால் போதும். ஒரு பேரி மரம் நடுகிறவர் பத்து வருடத்தை நம்பித்தான் நட வேண்டும். நாளைக்கு யாருடைய இடம் என்று தெரியாத மண்ணில் யார் மரம் நடுவார்?

நம் சங்கத் தோழர்கள் சிலர் வேறு ஒரு பயத்தைச் சொல்கிறார்கள். "டீச்சர், நீங்கள் மரக்கறி நடு நடு என்று சொன்னால் நாளைக்குக் கம்பனிக்காரன் சம்பளப் பேச்சில் என்ன சொல்லுவான்? உங்களுக்குத்தான் தோட்டம் இருக்கே, அதில் சாப்பிடுங்கள் என்பான்." இந்தப் பயம் நியாயமானது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு நாம் எத்தனை வருடம் தெருவில் நின்றோம்! 2021ல்தான் அது கைக்கு வந்தது. வந்த மறுவருடமே விலைவாசி அதைத் தின்றுவிட்டது. இப்போது நாட்சம்பளத்துக்குப் பதிலாகத் தேயிலைத் துண்டுகளைப் பிரித்துத் தருகிற அவுட்குரோவர் முறையையும் கம்பனிகள் பேசிக்கொண்டிருக்கின்றன.

அதனால் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுத் தோட்டம் சம்பளத்துக்கு மாற்று அல்ல. நான்கு பாத்தியில் அரிசி விளையாது, மா விளையாது, பிள்ளையின் சப்பாத்தும் பஸ் காசும் விளையாது. அதில் விளைவது கறி. சட்டியில் ஒரு கீரை, தட்டில் ஒரு துண்டுப் பழம். ரொட்டியால் வயிறு நிறையும், ஆனால் இரத்தம் ஊறாது. அந்தக் குறையைத்தான் பாத்தி நிரப்பும். சம்பளப் பேச்சில் யாராவது நம் கீரையைக் கணக்கில் எடுத்தால், அதற்குப் பதில் சொல்லச் சங்கம் இருக்கிறது. அந்தப் பயத்துக்காகப் பிள்ளையின் தட்டை வெறுமையாக வைக்க வேண்டாம்.

இனி, இடம் கொஞ்சமேனும் உள்ளவர்கள் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். எங்கள் பாடசாலைத் தோட்டத்தில் பிள்ளைகளோடு செய்து பார்த்ததையே சொல்கிறேன்.

முதலில் மண். தேயிலைக்குப் புளிப்பு மண் பிடிக்கும். மரக்கறிக்கு அவ்வளவு புளிப்பு ஆகாது. கவ்வாத்து மலைக்கு டொலமைட் போடுகிறோமே, அதே காரணம்தான். நமக்கு டொலமைட் வாங்க வசதியில்லை என்றால் அடுப்புச் சாம்பல் இருக்கிறது. மண்ணைக் கொத்தி, சாம்பலைத் தூவி, மக்கிய மாட்டெருவைக் கலந்து இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். பச்சைச் சாணத்தை அப்படியே போட்டால் வேர் கருகும்.

இரண்டாவது சரிவு. பாத்தியைச் சரிவுக்குக் குறுக்காகத்தான் போட வேண்டும், மேலிருந்து கீழாக அல்ல. லயத்துக்குப் பின்னால் உள்ள மண்திட்டை இடம் எடுப்பதற்காகச் செதுக்காதீர்கள். கானை மூடிப் பாத்தி போடாதீர்கள். 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணுக்குள் போன லயங்களை மறந்தவர்கள் நம்மில் யாரும் இல்லை. ஒரு பாத்தி குறைந்தால் பரவாயில்லை.

மூன்றாவது என்ன நடுவது. அட்டன், தலவாக்கலை, நுவரெலியா போன்ற குளிர் பக்கங்களில் போஞ்சி இரண்டு மாதத்தில் காய்க்கும். முள்ளங்கி அதற்கும் முந்தி வரும். முள்ளங்கி இலையையும் பீட்ரூட் இலையையும் மாட்டுக்கு வீசாதீர்கள், நல்ல சுண்டல் ஆகும். பதுளைக்குக் கீழேயும், கேகாலை, இரத்தினபுரிப் பக்கமும் இருப்பவர்களுக்கு மரவள்ளி, கத்தரி, மிளகாய், வாழை, பப்பாசி எல்லாம் வரும். ஈரமான இடத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் தானாகவே படரும். வேலியோரம் ஒரு கொடித்தோடை, மூலையில் ஒரு மரத்தக்காளி. இவை இரண்டும் பெரிய இடம் கேட்காது. அதிக நாளும் காக்க வைக்காது. வாசலில் மண் இல்லாதவர்கள் மா உரப்பையில் கீரை போடலாம். இஸ்தோப்பு ஓரத்தில் பத்துப் பை வைத்தாலே வாரம் இரண்டு கறிக்குக் காணும்.

நான்காவது எச்சரிக்கை. தேயிலை மலைக்குப் புல் மருந்து அடிக்கும் நாளில் அது காற்றில் உங்கள் பாத்திக்கும் வரும். அடிக்கும் நாளை முன்கூட்டியே சொல்லும்படி தலைவர் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். மருந்துக் கான்களையும் போத்தல்களையும் எவ்வளவு கழுவினாலும் தண்ணீர் ஊற்றப் பாவிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. கீரை சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடித்தால் கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். தேசிக்காயோ கொய்யாவோ சாப்பாட்டோடு சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். தேயிலை பறிக்கிறவர்களிடம் தேத்தண்ணீரைத் தள்ளிவைக்கச் சொல்வது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கர்ப்பிணித் தாய்மார் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் நான்கரைக்கு எழும்பி, சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, கூடையோடு மலைக்குப் போய், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறவளிடம் பாத்தி வேலையையும் கொடுக்காதீர்கள். ஆண்களுக்குப் பெரும்பாலும் வேலை முந்தி முடிகிறது. மம்பட்டியும் முள்ளும் பிடிக்கத் தெரிந்த கைகள் உங்களுடையவை. தவறணைப் பக்கம் போகும் ஒரு மணித்தியாலத்தைப் பாத்திக்குக் கொடுத்தால் போதும். வீட்டுத் தோட்டம் பெண்ணின் மூன்றாவது வேலையாக ஆகுமென்றால் அதைப் பற்றி நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

இப்போது நிலத்துக்கு வருவோம். தோட்டக் காணி அரசின் காணி. 1972லும் 1975லும் வந்த காணிச் சீர்திருத்தங்களில் அரசுக்கு வந்தது. 1992ல் நிர்வாகமும் பிறகு குத்தகையும் கம்பனிகளுக்குப் போயின. இந்தக் கைமாற்றங்களில் எதிலும் அந்த மண்ணில் வாழ்ந்த நம்மிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தனிவீடு என்று வந்தபோதுதான் 7 பேர்ச்சஸ் என்ற பேச்சு வந்தது, பிறகு 10 பேர்ச்சஸ் என்றார்கள். ஒரு பேர்ச்சஸ் ஏறக்குறைய 272 சதுர அடி. 7 பேர்ச்சஸ் என்றால் 1900 சதுர அடி. அதில் 550 சதுர அடிக்கு வீடு, மலசலகூடம், பாதை எல்லாம் போனாலும், மூன்றடி அகலம் பத்தடி நீளத்தில் பத்துப் பாத்தி போட 300 சதுர அடி போதும். ஆக, வீட்டோடு தோட்டமும் சேர்ந்து வரக்கூடிய கணக்குத்தான் இது. ஆனால் உறுதி கையில் வர வேண்டும். வீட்டின் திறப்பைக் கொடுத்துப் படம் எடுத்துவிட்டு, காணி உறுதியைப் பிறகு தருகிறோம் என்பது நமக்குப் பழகிப்போன பேச்சு.

லயத்தில் இருப்பவர்கள் தனிவீடு வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவர்களுக்காக மூன்று கோரிக்கைகளைச் சங்கம் கையில் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று, இப்போது குடும்பங்கள் பயிரிடும் ஒவ்வொரு துண்டுக்கும் நிர்வாகம் எழுத்தில் அனுமதி தர வேண்டும். விளைச்சல் நிற்கும்போது பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் நட்டஈடு. இரண்டு, தேயிலையும் இல்லாமல் வேறு பயனும் இல்லாமல் புல் மண்டிக் கிடக்கும் நிலத்தில், சரிவு ஆபத்து இல்லாத இடத்தை லயத்துக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மூன்று, கிராமத்துக்குப் போகும் விவசாயப் போதனாசிரியர் தோட்டத்துக்கும் வர வேண்டும். விதையும் கன்றும் நமக்கும் கிடைக்க வேண்டும். நாமும் இந்த நாட்டுக்கு வரி கட்டுகிறவர்கள்தான்.

இதற்கு முதல் வேலையை நாமே செய்யலாம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு தோட்டத் தலைவரும், மாதர் தலைவியும் ஒரு கொப்பியோடு லயம் லயமாகப் போங்கள். எந்தக் குடும்பம் எங்கே, எத்தனை பாத்தி பயிரிடுகிறது, எத்தனை வருடமாக, எப்போதாவது பிடுங்கினார்களா, சும்மா கிடக்கும் நிலம் எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். எழுத உயர்தர வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால் துரை இல்லை என்பார். பேரும் அளவும் எழுதிய கொப்பியை மேசையில் வைத்தால் அப்படிச் சொல்வது கஷ்டம்.

அம்மா இப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டார். போன மாதம் என் பாடசாலைப் பிள்ளைகள் கொடுத்த போஞ்சி விதையைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது எங்க நடுறது, திரும்பவும் புடுங்குவாங்களா?" என்று கேட்டார். பிடுங்க மாட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நட்டு வையுங்கள், பிடுங்க வந்தால் இந்த முறை நீங்கள் தனியாக நிற்க மாட்டீர்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் நட்டிருக்கிறார். அந்த வார்த்தையைக் காப்பாற்றுவது என் ஒருத்தியால் ஆகாது. கொப்பியோடு கூட்டத்துக்கு வாருங்கள்.