ஓடுபாதை யாருக்காக?

ஆக்ரா என்றதும் தாஜ்மகால்தான் நினைவுக்கு வரும். அந்த நகரில் உள்ள விமானப்படைத் தளத்தின் வரலாறு அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால், நாட்டின் இறையாண்மை எப்படி வென்றெடுக்கப்பட்டது, எப்படிப் படிப்படியாகக் கைநழுவுகிறது என்பதற்கு அந்த ஓடுபாதையே சாட்சி.

1939 செப்டம்பரில், மக்கள் பிரதிநிதிகளைக் கலந்தாலோசிக்காமலேயே இந்தியாவை உலகப் போரில் இறக்கினார் வைஸ்ராய் லின்லித்கோ. அந்தப் போரின்போது, சீன-பர்மா-இந்தியப் போர்முனையில் பறந்த அமெரிக்க விமானங்களைப் பராமரிக்கும் பெரும் பணிமனையாக ஆக்ரா மாறியது. பாசிச எதிர்ப்புப் போரில் அதற்குப் பங்கு உண்டு. எனினும் அந்நியப் படைக்கு இந்திய மண்ணைத் திறந்துவிடும் முடிவை எடுத்தது காலனி அரசு. இந்தியர்களின் சம்மதம் கேட்கப்படவில்லை.

1947 ஆகஸ்ட் 15 அன்று ஆக்ரா, விடுதலை பெற்ற நாட்டின் விமானப்படை நிலையமாயிற்று. காங்கோவிலிருந்து கட்டாங்காவைத் துண்டாட பெல்ஜியச் சுரங்க முதலாளிகள் துணைநின்றபோது, 1961இல் ஐ.நா. படைக்கு உதவியாக இங்கிருந்த கான்பெரா விமானங்கள் ஆப்பிரிக்கா சென்றன. 1971 டிசம்பர் 3 அன்று பாகிஸ்தான் தாக்கிய தளங்களுள் ஆக்ராவும் ஒன்று. அதே போரில்தான் அமெரிக்கா தன் ஏழாவது கப்பற்படையை வங்கக் கடலுக்கு அனுப்பி இந்தியாவை மிரட்டியது.

இருபதே ஆண்டுகளில் காட்சி மாறியது. 1991இல் இராக் மீதான போருக்காகப் பிலிப்பைன்ஸிலிருந்து வளைகுடாவுக்குச் சென்ற அமெரிக்க ராணுவ விமானங்கள் மும்பை, ஆக்ரா, சென்னை ஆகிய இடங்களில் எரிபொருள் நிரப்பிக்கொள்ள சந்திரசேகர் அரசு அனுமதித்தது. செய்தி வெளியானதும் நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. இடதுசாரிகள் உறுதியாகக் கண்டித்தனர், காங்கிரசும் எதிர்த்தது. பிப்ரவரியில் அந்த அனுமதி நிறுத்தப்பட்டது. மக்கள் எதிர்ப்பின் வலிமைக்கு அது சான்று.

வாஜ்பாய் ஆட்சியில், 2002இல், இரு நாட்டு ராணுவக் கூட்டுப் பயிற்சிகளுக்கு ஆக்ராவே களமானது. அமெரிக்கா பத்தாண்டுக்கு மேலாக வற்புறுத்தி வந்த தளவாட உதவி ஒப்பந்தத்தில் 2016 ஆகஸ்ட் 29 அன்று மோடி அரசு கையெழுத்திட்டது. எரிபொருள், உணவு, உதிரிப் பாகங்கள், பழுதுபார்ப்பு ஆகியவற்றை இரு ராணுவங்களும் ஒன்றின் தளத்தில் மற்றொன்று பெற அது வழிசெய்கிறது. தகவல் தொடர்பு (2018), புவியியல் தரவு (2020) ஒப்பந்தங்கள் தொடர்ந்தன. 2023 ஏப்ரலில் நடந்த கூட்டு விமானப் பயிற்சியிலும் ஆக்ரா இடம்பெற்றது.

இது தளம் அமைக்கும் ஒப்பந்தம் அல்ல, ஒவ்வொரு கோரிக்கையும் தனித்தனியே பரிசீலிக்கப்படும் என்கிறது அரசு. பிரச்சனை அங்கேதான் இருக்கிறது. 1991இல் விதிவிலக்காக அளிக்கப்பட்டு, எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்ட ஒன்று, இன்று நிலையான ஏற்பாடாகிவிட்டது. அதற்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் பெறப்படவில்லை. மேற்கு ஆசியாவில் அமெரிக்கா நடத்தும் போருக்குச் செல்லும் விமானம் நம் ஓடுபாதையில் இறங்குமானால், அந்தப் போரில் நம் மக்களின் விருப்பமின்றியே இந்தியா பங்காளியாகிவிடும். 1939இல் நடந்ததும் அதுதான்.

இந்த ராணுவ ஒப்பந்தங்கள் அனைத்தும் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட வேண்டும். தளவாட உதவி ஒப்பந்தம் கைவிடப்பட வேண்டும். அந்நிய ராணுவ விமானங்களுக்கு இந்தியத் தளங்களில் அளிக்கப்படும் வசதிகளை அரசு வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். விலைவாசி, வேலையின்மை ஆகியவற்றுக்கு எதிரான இயக்கங்களோடு இந்தக் கோரிக்கைகளையும் மக்களிடம் கொண்டுசெல்வது கட்சி உறுப்பினர்களின் கடமை. 1991இல் அந்த ஓடுபாதையை மீட்டது மக்களின் குரலே.