கரிகாலன் கொலை வழக்கு: சினிமா மாட்டிவிட்டது யாரை?

தஞ்சை,

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இந்தக் கொலை வழக்கு, தஞ்சை டீக்கடைகளில் இன்னும் பைசல் ஆகவில்லை!

மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் 2022 செப்டம்பர் 30-ந் தேதி வெளிவந்தது. இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-ந் தேதி. படம் தியேட்டரை விட்டுப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. தகராறு மட்டும் போகவில்லை. டி.வி.யில் ஒரு தடவை படத்தைப் போட்டால் போதும், மறுநாள் காலையில் பழையபடி ஆரம்பித்துவிடுகிறது.

இரண்டு கோஷ்டிகள். கல்கியின் நாவலைக் கரைத்துக் குடித்த கோஷ்டி ஒன்று. படத்தை மட்டும் பார்த்த கோஷ்டி மற்றொன்று.

"மணிமேகலை எங்கேய்யா?" என்பது நாவல் கோஷ்டியின் தீராத புகார். கந்தமாறனின் தங்கை, வந்தியத்தேவனையே நினைத்து உயிரை விட்டவள். படத்தில் அவள் கிடையவே கிடையாது.

அடுத்த புகார் ஊர். கதை நடப்பது தஞ்சை, பழையாறை, கோடிக்கரை. படப்பிடிப்பு பெரும்பகுதி நடந்ததோ தாய்லாந்து, ஐதராபாத், மத்தியப் பிரதேசம். "நம்ம ஊரு கதைக்கு நம்ம ஊரு ஆகாதா?" என்று கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் கொஞ்சம்தான். பழையாறையில் இன்று சோழன் அரண்மனையைத் தேடினால் வயலும் வீடும்தான் இருக்கிறது. பெரிய கோயிலைக் காட்டலாமே என்றால், அது கி.பி. 1010-ல் முடிந்த கோயில். கதை நடக்கும்போது அதற்கு அஸ்திவாரமே போடவில்லை!

நாவல் ஐந்து பாகம், இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். 1958-ல் எம்.ஜி.ஆர். உரிமை வாங்கியும் எடுக்க முடியாமல் போன கதை. கமலும் முயன்று பார்த்தார். அதை ஐந்தரை மணி நேரத்துக்குள் அடக்க வேண்டுமானால் வெட்டத்தான் வேண்டும். மணிமேகலை போனால் ஒரு கண்ணீர் குறையும். அவ்வளவுதான்.

ஆனால் ஒரு வெட்டு அப்படிப்பட்டதல்ல. அதில் ஒருவர் மானமே போகிறது.

ஆள் மாறாட்டம்

நாவலில் மதுராந்தகன் இரண்டு பேர். பழுவேட்டரையர்களோடு சேர்ந்து சிம்மாசனத்துக்கு ஆசைப்படுகிறானே, அவன் செம்பியன் மாதேவி வளர்த்த பிள்ளை, பெற்ற பிள்ளை அல்ல. குழந்தையிலேயே ஆள் மாறிவிட்டது. நிஜப் பிள்ளை, தஞ்சையில் பூமாலை கட்டிக்கொண்டிருந்த சேந்தன் அமுதன். பட்டத்துக்கு ஆசையே இல்லாத அவன்தான் கடைசியில் உத்தம சோழன்.

படத்தில் ஆள் மாறாட்டம் இல்லை. ஒரே மதுராந்தகன். சதி ஆலோசனையில் உட்கார்ந்தவன் தலையிலேயே கடைசியில் மகுடம்! சேந்தன் அமுதன் வருகிறான், போகிறான்.

"கதையைச் சுருக்கினாங்க, இதுல என்ன தப்பு?" என்கிறது பட கோஷ்டி.

என்ன தப்பு என்றால், உத்தம சோழன் கற்பனை ஆள் இல்லை. சுமார் 15 வருஷம் சோழ நாட்டை ஆண்ட ராஜா. கரிகாலன் கொலையில் அவருக்குப் பங்கு உண்டோ என்று பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியே சந்தேகப்பட்டு எழுதினார். கொலையால் லாபம் யாருக்கு என்று பார்த்தால் போலீஸ் விசாரணையிலும் முதல் சந்தேகம் அவர் மேல்தான் விழும். திருப்புறம்பியம் சதாசிவ பண்டாரத்தார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இந்தச் சண்டைக்கு நடுவில்தான் கல்கி, ஆள் மாறாட்டம் என்ற ஒரு முடிச்சைப் போட்டு, உத்தம சோழனைச் சத்தமில்லாமல் விடுதலை செய்தார். படம் அந்த முடிச்சை அவிழ்த்து, அவரை மறுபடியும் குற்றவாளிக் கூண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. மனம் மாறியவர் என்று காட்டினாலும், சதியில் இருந்தவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

மூன்று தலைமுறையாகத் தஞ்சைச் சீமையில் கல்கியின் நாவல்தான் சரித்திரப் புஸ்தகம். நாட்டுடைமை ஆனபிறகு மலிவுப் பதிப்பாக எல்லாக் கடையிலும் தொங்குகிறது. அடுத்த தலைமுறைக்குப் படம்தான் சரித்திரம். இரண்டுமே கதை என்பதை இரண்டு கோஷ்டியும் மறந்துவிட்டது.

கல்லில் இருக்கும் பெயர்கள்

இத்தனைக்கும் இந்த வழக்குக்குச் சாட்சி இருக்கிறது!

காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு. ராஜராஜனின் 2-ம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 987-ஐ ஒட்டியது என்று கணக்கு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் யார் யார் என்று அதில் பெயரோடு வெட்டியிருக்கிறது. சோமன், அவன் தம்பி ரவிதாசன், இன்னொரு தம்பி பரமேசுவரன். இவர்கள், இவர்கள் சொந்தக்காரர்கள் சொத்தையெல்லாம் விற்கச் சொல்லி, வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு ராஜாவின் உத்தரவு.

ரவிதாசனுக்கு 'பஞ்சவன் பிரமாதிராஜன்' என்று பட்டம். பரமேசுவரனுக்கு 'இருமுடிசோழ பிரமாதிராஜன்'. முதல் பட்டத்தில் பாண்டியன் வாடை. வீரபாண்டியன் தலையைக் கொய்த கரிகாலன் மேல் பழிவாங்கும் வெறி என்றால் பொருந்துகிறது. இரண்டாவது பட்டமோ சோழன் கொடுத்தது. ஆக, வெளியிலிருந்து வந்த கொலைகாரர்கள் மட்டும் இல்லை, அரசாங்கச் சம்பளம் வாங்கிய உள்ளாள்!

உத்தம சோழன் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

பின்னே அவர் மேல் ஏன் சந்தேகம்? அவர் ஆட்சி முழுக்கக் குற்றவாளிகள் மேல் நடவடிக்கை இல்லையே என்பதுதான். ஆனால் கல்வெட்டு சொல்வது சொத்து விற்பனையைத்தான். தண்டனை எப்போது கொடுத்தார்கள் என்று அதில் இல்லை. கைது ஒரு வருஷம், சொத்து ஏலம் பத்து வருஷம் கழித்து என்பது கோர்ட்டு வாசல் மிதித்தவர்களுக்குத் தெரியாத விஷயமா? ராஜராஜன் காலத்திலும் உத்தம சோழனின் தாய் செம்பியன் மாதேவி மதிப்போடு வாழ்ந்து கோயில் திருப்பணி செய்துகொண்டிருந்தார். அண்ணனைக் கொன்றவனின் தாயை அப்படி வைத்திருப்பானா என்று கேட்பவர்களும் உண்டு.

கல்கியும் கொலைகாரன் யார் என்று அடித்துச் சொல்லவில்லை. 1954-ல் தொடர் முடிந்ததும் வாசகர்கள் கேள்வியாகக் கேட்டுத் துளைக்க, தனியாக ஒரு முடிவுரையே எழுத வேண்டிவந்தது. அப்போதே ஆரம்பித்த தகராறு இது!

தகராறு செய்கிறவர்கள் கும்பகோணத்தில் சிதம்பரம் பஸ் ஏறினால், அணைக்கரை தாண்டிக் காட்டுமன்னார்கோயிலில் இறங்கலாம். பக்கத்தில் வீராணம் ஏரி. நாவலின் முதல் பக்கத்தில் வந்தியத்தேவன் குதிரையில் வருவது அந்த ஏரிக்கரையில்தான்.