வீதம் சொன்னவர்கள் கணக்குச் சொல்லவில்லை

2002 ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மருத்துவச் செய்தி, உலகின் பல பத்திரிகைகளுடைய முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கொடுக்கப்பட்டுவந்த ஹோர்மோன் மாத்திரை, மார்பகப் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பை 26 வீதத்தால் கூட்டுகின்றது என்பதே அதன் சாரம். இலட்சக்கணக்கான பெண்கள் மாத்திரையைக் கைவிட்டார்கள். வைத்தியர்கள் பலர் அதனை எழுதிக்கொடுக்கவே தயங்கினார்கள். அந்தத் தயக்கம் இரு தசாப்தங்களுக்கு மேல் நீடித்தது.

26 என்ற இலக்கம் பொய்யானதல்ல. ஆனால் எதிலே 26 வீதம் என்று கேட்பது செய்தியாசிரியனின் முதற்கடமை. பத்திரிகை மேசையில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கின்றேன்: அந்தக் கேள்வியைக் கேட்காமல் தலைப்பைப் பெரிய எழுத்தில் போடுவது எங்கள் தொழிலின் பழைய நோய்.

கணக்கு இதுதான். அந்த ஆய்வில் 50 முதல் 79 வயது வரையான 16,608 பெண்கள் பங்குபற்றினார்கள். போலி மாத்திரை எடுத்த பதினாயிரம் பெண்களில் வருடமொன்றுக்கு 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டினும் கலந்த மாத்திரையை எடுத்த பதினாயிரம் பேரில் 38 பேருக்கு வந்தது. மேலதிகமாக எட்டுப் பேர். பக்கவாதத்திலும் அதே அளவு, எட்டுப் பேர் அதிகம். இடுப்பெலும்பு முறிவிலோ ஐந்து பேர் குறைவு. எட்டுப் பேர் அற்பமான தொகை என்று நான் வாதிடவில்லை. அந்த எட்டு வீடுகளிலும் அது பேரிடிதான். ஆனால் உடற்சூட்டினாலும் வியர்வையினாலும் இரவெல்லாம் உறக்கமின்றித் தவிக்கும் ஐம்பது வயதுப் பெண்ணிடம் "26 வீதம்" என்று சொல்வதும் "பதினாயிரத்தில் எட்டு" என்று சொல்வதும் ஒன்றா? முடிவெடுக்க வேண்டியவள் அவள். அதற்கான கணக்கை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. ஆய்வில் பங்குபற்றியோரின் சராசரி வயது 63 என்பதும், ஐம்பதில் நிற்பவளுக்கு அந்த முடிவுகள் அப்படியே பொருந்தா என்பதும் பல செய்திகளில் காணாமற்போன வேறு விடயங்கள்.

அதே ஆய்வின் மற்றொரு பிரிவில், கருப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதம் கூடியதால் 2004 இல் அதுவும் நிறுத்தப்பட்டது. ஆனால் மார்பகப் புற்றுநோய் அங்கே கூடவில்லை. இருபது வருடத் தொடர்ச்சியான அவதானிப்பு 2020 இல் வெளியானபோது, அந்தப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோயும் அதனால் ஏற்பட்ட மரணமும் குறைவாகவே இருந்தமை தெரியவந்தது. 2002 இன் செய்திக்குக் கிடைத்த முன்பக்கம் இதற்குக் கிடைக்கவில்லை.

ஈஸ்ட்ரோஜன் நல்லதா கெட்டதா என்ற கேள்வியே கோணலானது. ஐம்பதுகளின் பிற்பகுதியில் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன், கதிரியக்கக் குறியிட்ட ஈஸ்ட்ரோஜனைச் செலுத்தி, அது கருப்பை போன்ற சில இழையங்களில் மட்டும் தங்குவதைக் கண்டார். அங்கே அதைப் பற்றிக்கொள்ளும் புரதமே வாங்கி. இரண்டாவது வகை வாங்கி 1996 இல் அறிவிக்கப்பட்டது. அது அகப்பட்டது ஆண் எலியின் புரொஸ்டேட் சுரப்பியில்! பெண்களின் ஹோர்மோன் என்று இதை ஒதுக்கிவைப்போர் 1994 இல் வெளியான இன்னொரு அறிக்கையையும் அறியவேண்டும். வாங்கியின் பழுதினால் ஈஸ்ட்ரோஜன் வேலைசெய்யாத 28 வயது ஆணொருவர், 204 சென்ரிமீற்றர் உயரத்தை எட்டியும் வளர்ச்சி நிற்காமல், எலும்பு நலிந்து காணப்பட்டார்.

தமொக்சிபென் என்ற மருந்தைப் பாருங்கள். மார்பகத்தில் அது ஈஸ்ட்ரோஜனின் வாங்கியை மறிக்கின்றது. கருப்பையில் அதே மருந்து ஈஸ்ட்ரோஜனைப்போல நடந்துகொண்டு, அங்கே புற்றுநோய் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகின்றது. மாதவிடாய் நின்றவர்களின் எலும்பையோ காக்கின்றது. ஒரே குளிசைக்கு மூன்று இடங்களில் மூன்று குணங்கள். இதனாற்றான் மார்பகப் புற்றுநோய் வந்தவர் தம் கட்டியில் வாங்கி உண்டா இல்லையா என்பதைக் கேட்டறிய வேண்டும். சிகிச்சை அதன்மேல் தங்கியிருக்கின்றது.

மருந்துக் கம்பனிகளுக்கு நான் வக்காலத்து வாங்குகின்றேன் என்று எவரும் எண்ணவேண்டாம். 1966 இல் றொபேர்ட் வில்சன் என்ற அமெரிக்க வைத்தியர் ஒரு நூல் எழுதி, மாதவிடாய் நிற்பதே ஒரு குறைபாட்டு நோய், ஈஸ்ட்ரோஜன் எடுத்தால் பெண்மை என்றும் நிலைக்கும் என்று பறைசாற்றினார். அவருக்கு மருந்துக் கம்பனியின் பணம் கிடைத்தமை பின்னர் வெளிவந்தது. கருப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியே எடுத்தால் கருப்பையின் உட்படலத்தில் புற்றுநோய் கூடும் என்பதை 1975 இல் ஆய்வுகள் காட்டின. வில்சனின் வாக்குறுதியைக் கேள்வியின்றிப் பரப்பியவர்களிலும் பத்திரிகைகள் உண்டு.

நம் வீடுகளில் இந்த விவாதம் எட்டிப்பார்த்ததே அரிது. அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்தால் "வயது போனால் அப்படித்தான்" என்று முடித்துவிடுவோம். எலும்பை நலிவித்தது ஈஸ்ட்ரோஜனின் வீழ்ச்சி என்பதை எந்த மகன் விசாரித்தான்?

இப்போது ஊஞ்சல் மறுபக்கம் போகின்றது. 2025 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், இம்மருந்துகளின் மேலிருந்த கடும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை அகற்றப்போவதாக அறிவித்தது. ஐம்பதை அண்டிய பெண்களைப் பொறுத்தவரை, காலந்தாழ்த்தியேனும் வந்த நியாயம்தான். ஆனால் அதே அறிவிப்பில், உரிய காலத்தில் தொடங்கினால் இதய நோய் வாய்ப்பு 50 வீதம் வரை குறையும் என்றும் சொன்னார்கள். மீண்டும் வீதம்! கருப்பை உட்படலப் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கை, ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொண்டு உடல் முழுவதும் செயற்படும் மருந்துகளில் தொடரும் என்பதை, நான் வாசித்த செய்திகளில் கடைசிப் பந்திவரை தேடித்தான் கண்டெடுக்க வேண்டியிருந்தது.