கெட்டியானால் போதுமா?

"கண்ணுக்கடியில் பூசும் கற்றாழை ஜெல்லை வீட்டிலேயே செய்கிறேன். கெட்டியாக வர எதைச் சேர்க்கலாம்? இரசாயனம் மட்டும் வேண்டாம்" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கெட்டியாக்குவது சுலபம். கெடாமல் காப்பதுதான் சிரமம். அதனால் இரண்டையும் பார்த்துவிடுவோம்.

சோளமாவு, ஆளிவிதைக் கஞ்சி இரண்டும் நன்றாகக் கெட்டிப்படும். ஆனால், அவை கிருமிக்கும் உணவு. அகார்-அகார் வேண்டவே வேண்டாம். ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்க்கும் தட்டிலும் அதைத்தான் ஊற்றுகிறார்கள்! என் தேர்வு சாந்தன் கம். 50 கிராம் ஜெல்லுக்கு 0.2 கிராம் போதும். நேராகத் தண்ணீரில் தூவினால் கட்டி தட்டும். முதலில் 2 கிராம் கிளிசரினில் குழைத்து, பிறகு காய்ச்சி வடித்த நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள்.

அடுத்தது பாதுகாப்பான். தண்ணீர் உள்ள எந்தக் கலவையும் நம் ஊர் வெப்பத்தில் சீக்கிரம் கெடும். வாடை வருவதற்கு முன்பே கிருமி பெருகியிருக்கும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா ஈரத்தில் செழிக்கும். கருவிழியில் சிறு கீறல் இருந்து, அதன் வழியே அது புகுந்துவிட்டால், ஓரிரு நாளில் பார்வைக்கே ஆபத்து வரலாம்.

வைட்டமின் ஈ சேர்த்தால் போதும் என்பார்கள். அது எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தாமதப்படுத்தும், கிருமியைத் தடுக்காது. லாவெண்டர் போன்ற வாசனை எண்ணெய்கள் கண்ணை எரிக்கும். சோடியம் பென்சோயேட்டும் பொட்டாசியம் சார்பேட்டும் நல்ல பாதுகாப்பான்கள்தாம். ஆனால், கலவை புளிப்புத்தன்மையோடு இருந்தால்தான் அவை சரியாக வேலை செய்யும். நம் கண்ணீரோ சற்றே காரத்தன்மை கொண்டது. புளிப்பான ஜெல் கண்ணில் பட்டால் சுள்ளென்று இருக்கும்.

ஆகவே, கண்ணோரத்துக்கு நான் சொல்வது பினாக்ஸிஎத்தனால். மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட ஆசியான் நாடுகளின் விதிப்படி இதன் உச்ச அளவு 1 விழுக்காடு. 50 கிராமுக்கு அரை கிராம்தான். சமையலறைத் தராசு இதைச் சரியாகக் காட்டாது, 0.01 கிராம் வரை காட்டும் சிறிய தராசு வேண்டும். 'இன்னும் இரண்டு சொட்டு' என்று கைக்கணக்கில் ஊற்றாதீர்கள். முழங்கை மடிப்பில் பூசி ஒரு நாள் பார்த்த பிறகே முகத்துக்குப் போங்கள். அப்போதும் இரண்டு மூன்று வாரத்தில் தீர்த்துவிடுங்கள். தோட்டத்துக் கற்றாழைச் சோற்றை இதில் கலக்காதீர்கள். அதை அன்றன்று வெட்டி, மஞ்சள் பால் போகக் கழுவிப் பூசி, மிச்சத்தை வீசிவிடலாம்.

பாதுகாப்பானே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு: தண்ணீரை விட்டுவிடுங்கள். நம் பாட்டிமார் விளக்கெண்ணெயில் குழைத்த கண்மை மாதக்கணக்கில் கெடாமல் இருந்ததற்குக் காரணம், அதில் நீர் இல்லை. 25 கிராம் விளக்கெண்ணெயில் 5 கிராம் தேன்மெழுகை உருக்கி ஆறவிட்டால் மென்மையான களிம்பு கிடைக்கும். இதில் மெழுகுதான் கெட்டியாக்கி. ஈரக்கை மட்டும் படக்கூடாது.

எதைப் பூசினாலும் இமை ஓரத்துக்கு உள்ளே போக வேண்டாம். கண் சிவந்தாலோ, வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். போகும்போது அந்தப் புட்டியையும் கையோடு கொண்டு போங்கள்.